இரண்டு கிராம் சோடா உப்பு

தடுப்பு மருந்தைச் சோதிக்கவும் நோயைப் புரிந்துகொள்ளவும், நல்ல உடம்போடு இருக்கும் ஒருவருக்கு, அவர் சம்மதத்தோடு, காலராக் கிருமியைக் குடிக்கக் கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒன்றரை மணி நேரம் வெறும் வயிறு. பிறகு 150 மில்லி தண்ணீரில் 2 கிராம் சோடியம் பைகார்பனேட்டைக் கரைப்பார்கள். சமையல் சோடா என்று சொல்கிறோமே, அதேதான். அதில் 120 மில்லியை அவர் முதலில் குடித்துவிட வேண்டும். ஒரு நிமிடம் கழித்து, மீதி 30 மில்லியில் கிருமியைக் கலந்து நீட்டுவார்கள். அதுவும் உள்ளே போனபின் இன்னொரு ஒன்றரை மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது.

அந்தக் கோப்பையைப் பார்த்தால் எதுவும் தெரியாது. வழக்கமான அளவு ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் கிருமிகள். கேட்க எவ்வளவோ என்று தோன்றும். ஆனால் ஒரு மில்லியில் கோடிக்கு அருகே இருந்தால்தான் கண்ணுக்குக் கலங்கல் தட்டுப்படும். இங்கே இருப்பது சில ஆயிரங்களோ சில பத்தாயிரங்களோதான். உப்புக் கரிக்கும் தெளிந்த தண்ணீர், அவ்வளவே. அடுத்த ஒன்றிரண்டு நாளில் அது ஒருவர் உடம்பிலிருந்து ஐந்து லிட்டருக்கு மேல் நீரை வெளியேற்றக்கூடும்.

இந்த வகை ஆய்வுகளைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் கிருமியைப் பற்றித்தான் கேட்பார்கள். எந்தக் கிருமி, எவ்வளவு ஆபத்து, மருந்து இருக்கிறதா என்று. என்னைக் கேட்டால், ஆய்வு நிற்பதும் விழுவதும் இரண்டு சாதாரணப் பொருட்களால்: அந்தச் சோடா உப்பு, பிறகு கழிவறை வாசலில் இருக்கும் எடை மெஷின். உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது. இந்த இரண்டு எண்ணும் சரியாக இல்லையென்றால், ஒரு மனிதரை வீணாகப் பேதியில் தள்ளியதுதான் மிச்சம்.

சோடா எதற்கு? காலராக் கிருமிக்கு அமிலம் ஆகவே ஆகாது. வெறும் வயிற்றில் சுரந்து கிடக்கும் அமிலத்தில் அதில் பெரும்பகுதி செத்துப்போகும். சிறுகுடலை எட்டுகிற சொற்பம் எத்தனை என்பது ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். அமெரிக்காவின் மேரிலாண்டில் 1960-களின் இறுதியிலும் 70-களின் தொடக்கத்திலும் நடந்த முதல் அளவு ஆய்வுகள் இதைத்தான் காட்டின. வெறும் தண்ணீரில் கொடுத்தபோது பத்து கோடி, அதற்கும் மேலே என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. சோடாவோடு கொடுத்தபோது பத்து லட்சமே பத்தில் ஒன்பது பேரைப் படுக்கவைத்தது. அளவைச் சில ஆயிரங்களுக்குக் குறைத்தாலும் சிலருக்கு நோய் வந்தது. ஆனால் தொடங்கத் தாமதமானது, பேதியின் அளவும் குறைந்தது. பிற்பாடு சோடாவுக்குப் பதில் சாப்பாட்டோடு கொடுத்தும் பார்த்தார்கள். உணவும் அமிலத்தை உறிஞ்சிக்கொண்டு கிருமியைக் காப்பாற்றிக் கீழே அனுப்பியது. வாந்திபேதிக் காலத்தில் எல்லோரும் தண்ணீரையே குறை சொல்கிறோம். ஆறிப்போன சோறும் மீனும் அதைவிட நல்ல வாகனம்.

சோடா பற்றிய முடிவுகளை 1974-ல் வெளியிட்ட கட்டுரையின் முதல் ஆசிரியர் ரிச்சர்ட் கேஷ். 1968-ல் டாக்காவில் டேவிட் நாலினோடு சேர்ந்து, வாய்வழியாகக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலால் காலரா நோயாளிகளைத் தேற்ற முடியும் என்று காட்டியவர் அவர். இதை வெறும் தற்செயல் என்று சொல்ல மாட்டேன். காப்பாற்றும் வழி கையில் உறுதியாக இருந்ததால்தான் தெரிந்தே நோயைக் கொடுக்கும் துணிவு வந்தது.

அந்த வழி இல்லாத காலத்திலும் குடித்தார்கள். 1892 அக்டோபர் 7-ஆம் தேதி மியூனிக்கில், 73 வயதான சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர், காலராக் கிருமியை வளர்த்த கரைசலில் ஒரு மில்லியைக் குடித்தார். அந்த ஆண்டு ஹாம்பர்க் நகரில் மட்டும் 8,600 பேர் காலராவில் செத்திருந்தார்கள். கிருமி மட்டும் போதாது, மண்ணும் நிலத்தடி நீரும் சேர்ந்தால்தான் நோய் வரும் என்பது பெட்டன்கோஃபரின் கட்சி. கிருமியே காரணம் என்பது ராபர்ட் காக்கின் கட்சி. பெட்டன்கோஃபர் ஏமாற்றவில்லை. அமிலம் கிருமியைக் கொன்றுவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அவரும் ஒரு கிராம் சோடா உப்பைத் தண்ணீரில் கலந்துதான் குடித்தார். லேசான வயிற்றுப்போக்கோடு போயிற்று. பத்து நாள் கழித்து அவர் சீடர் எம்மரிக் குடித்தார். அவருக்குக் கொஞ்சம் பலமாகவே போனது, ஆனால் பிழைத்துக்கொண்டார். தன் கட்சி வென்றதாக பெட்டன்கோஃபர் எடுத்துக்கொண்டார். பாரிஸில் நோய் எதிர்ப்பு ஆய்வாளர் மெச்னிகாஃபும் குடித்தார், ஒன்றும் ஆகவில்லை; அவரைத் தொடர்ந்து குடித்த ஓர் இளைஞர் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார்.

வீரத்தில் குறையில்லை. கணக்கில்தான் குறை. பெட்டன்கோஃபர் குடித்ததில் உயிருள்ள கிருமி எத்தனை என்று எண்ணப்படவில்லை. அது வீரியம் உள்ள வகையா, சோதனைக்கூடத்தில் வளர்ந்து வளர்ந்து சோம்பிப்போனதா என்று தெரியாது. ஒப்பிட வேறு ஆட்கள் இல்லை. பத்துப் பேருக்குச் சரியாகக் கொடுத்தாலே ஒருவர் எழுந்து நடமாடிக்கொண்டிருப்பார். நோய்வாய்ப்பட்ட ஒன்பது பேரிலும் பலருக்கு லேசாகத்தான் இருக்கும். அந்த ஒருவர் தப்பியதை வைத்து எதையும் நிறுவ முடியாது.

அதனால்தான் இன்று கிருமியை எண்ணுவதே தனி வேலை. பரவலாகப் பயன்படும் வகையின் பெயர் என்16961. எல் டார் பிரிவு, இனாபா உட்பிரிவு. 1975-ல் வங்கதேசத்தில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு முறையும் அகார் என்னும் கூழ் பரப்பிய தட்டில் புதிதாக வளர்த்து, அன்று காலையில் வாரி, நீர்த்துக் கொடுப்பார்கள். கரைசலின் கலங்கலைக் கருவியில் அளந்து எண்ணிக்கையை மதிப்பிட்டு, அதை ஆயிரக்கணக்கான மடங்கு நீர்க்க வேண்டும். ஒரு படியில் கை தவறினால் பத்து மடங்கு ஏறும் அல்லது இறங்கும். அதைவிடச் சங்கடம், உண்மையான எண்ணிக்கை மறுநாள்தான் தெரியும்: கொடுப்பதற்கு முன்னும் பின்னும் கரைசலில் ஒரு துளியைத் தட்டில் பரப்பிவைத்து, முளைத்த புள்ளிகளை எண்ணிப் பார்க்கும்போது. அதற்குள் குடித்தவர் குடித்தாயிற்று. 1990-களின் பிற்பகுதியில் ஒரே தொகுப்பாக வளர்த்து, சிறு குப்பிகளில் உறையவைத்து, முன்கூட்டியே எண்ணிச் சரிபார்த்த கிருமியைப் பயன்படுத்தலாம் என்று நிரூபித்தார்கள். அதன்பிறகுதான் வெவ்வேறு ஊர்களில் ஒரே ஆய்வை நடத்த முடிந்தது.

எண்ணிக்கை குறைந்தால் என்ன கெட்டுவிடும், ஆளுக்கு நல்லதுதானே என்று தோன்றலாம். தடுப்பு மருந்து சோதனையில், ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலி மருந்து பெற்றவர்களில் பாதிக்கும் மேல் மிதமாகவோ கடுமையாகவோ படுக்காவிட்டால், மருந்து பெற்றவர்கள் எழுந்து நிற்பதற்கு அர்த்தம் இல்லாமல் போகும். முப்பது முப்பது பேரை வைத்து நடக்கும் ஆய்வு இது. ஒரு பக்கம் பத்துப் பேருக்கும் மறுபக்கம் ஆறு பேருக்கும் நோய் என்றால் முடிவு ஒன்றும் சொல்லாது. அந்தப் பதினாறு பேரும் பட்ட பாடு வீண்.

யாரைச் சேர்ப்பது என்பதிலும் இதே கறார். நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள், குடல் நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இடமில்லை. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் வேண்டாம். அவர்கள் வயிற்றில் சோடா செய்யும் வேலையை மாத்திரை ஏற்கெனவே செய்திருக்கும், அளவு குழம்பும். சமையல் வேலை, குழந்தைக் காப்பகம், நோயாளி பராமரிப்பு ஆகியவற்றில் இருப்பவர்களை மற்றவர்களின் நலன் கருதித் தள்ளுவார்கள். காலரா உள்ள நாட்டில் வாழ்ந்தவர்களிடம் பழைய எதிர்ப்பு சக்தி இருக்கலாம் என்பதால் அவர்களும் வெளியே. ரத்த வகையும் பார்ப்பார்கள். ஓ வகைக்காரர்களுக்குக் காலரா தொற்றும் வாய்ப்பு கூடுவதில்லை, ஆனால் தொற்றினால் கடுமையாகும். ஒரு குழுவில் ஓ வகை அதிகமாகவும் மறு குழுவில் குறைவாகவும் விழுந்தால் மருந்தின் பலன் பொய்யாக ஏறும் அல்லது இறங்கும்.

பிறகு எழுத்துத் தேர்வு. நிஜமாகவே தேர்வுதான். எத்தனை நாள் வார்டில் இருக்க வேண்டும், எந்த நிலையில் ஊசிவழி நீர் ஏற்றுவார்கள், நடுவில் விலகினால் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் கேள்விகள். தேறாதவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட முடியாது. இந்த ஏற்பாடு சும்மா வந்துவிடவில்லை. 1906-ல் மணிலாவின் பிலிபிட் சிறையில் காலராத் தடுப்பூசி என்று 24 கைதிகளுக்குப் போட்டதில் பிளேக் கிருமி கலந்திருந்தது; 13 பேர் செத்தார்கள். கேஷ் குழுவின் ஆய்வுகளுமே மேரிலாண்டின் ஒரு சிறையில், கைதிகளிடம்தான் நடந்தன. கூண்டுக்குள் இருப்பவன் சொல்லும் 'சரி' எவ்வளவு தூரம் சரி என்ற கேள்வி 70-களில் பலமாக எழுந்தது. அதன்பின் பால்டிமோரில் மைரன் லெவின் தொடங்கிய தடுப்பூசி மேம்பாட்டு மையம் ஊர்மக்களிடமிருந்து ஆட்களைச் சேர்த்தது. தருகிற பணம் நாட்களுக்கும் அவஸ்தைக்கும்தான், ஆபத்துக்கு விலையாக இல்லை என்பது விதி. அந்தக் கோடு காகிதத்தில் தெரிகிற அளவுக்கு நேரில் தெரியாது என்பது என் எண்ணம்.

இனி எடை மெஷின். வார்டில் யாரும் தன் இஷ்டத்துக்குக் கழிவறைக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வர முடியாது. கழிவறை இருக்கையில் பொருத்திய பிளாஸ்டிக் பாத்திரத்தில்தான் போக வேண்டும். சிறுநீருக்கு வேறு பாத்திரம். இரண்டும் கலந்தால் பேதியின் அளவு கூடுதலாகக் காட்டும் என்பது ஒரு காரணம். சிறுநீர் குறைகிறதா என்று பார்க்க முடியாமல் போகும் என்பது அதைவிடப் பெரிய காரணம். நீரிழப்பை முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான். நர்ஸ் பாத்திரத்தை எடைபோட்டு, காலிப் பாத்திரத்தின் எடையைக் கழித்து, நேரத்தோடு எழுதுவார். கூடவே தரம்: உருண்டு கெட்டியாக இருந்தால் 1, மிருதுவாக இருந்தால் 2, பாத்திரத்தின் வடிவத்தை எடுத்துக்கொண்டால் 3, நீராக ஓடினால் 4, அரிசி களைந்த தண்ணீர்போல வெளிறி, வெண்துகள் மிதந்தால் 5. மூன்றிலிருந்து மேலேதான் கணக்கில் சேரும். மொத்தம் 3 லிட்டரைத் தாண்டினால் மிதம், 5 லிட்டரைத் தாண்டினால் கடுமை. எடைபோட்டு முடித்ததும் ப்ளீச்சிங் கரைசல் ஊற்றி ஊறவைத்துத்தான் கொட்டுவார்கள். குளோரினுக்கும் சூட்டுக்கும் உலர்தலுக்கும் இந்தக் கிருமி சட்டென்று அடங்கிவிடும். அந்த ஒரு விஷயத்தில் நல்ல பிள்ளை.

எடை மெஷின் சொல்லாத ஒன்றும் உண்டு. முதல் பேதி வருவதற்கு முன்பே குடலுக்குள் நீர் தேங்கத் தொடங்கிவிடும். வயிறு கடமுடவென்று உருளும், பொருமும். பாத்திரம் காலி, உடல் எடையும் குறையவில்லை, ஆனால் நீர் ரத்தத்தைவிட்டு வெளியேறியாயிற்று. அந்த நேரத்தில் காகிதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் ஏமாந்துபோவார். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்றபிறகும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் பார்ப்பது அதற்காகத்தான். நின்றதும் துடிப்பு தாவினால், எடை என்ன சொன்னாலும் நீர் போய்க்கொண்டிருக்கிறது.

போனதை உடனுக்குடன் ஈடுகட்டுவதுதான் சிகிச்சை. வெளியே போகும் அளவுக்குக் குறையாமல் ஓ.ஆர்.எஸ். குடிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அளவு ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். காலரா நஞ்சு குடற்சுவர் செல்லின் குளோரைடு வாசலைத் திறந்துபோட்டுவிடும். உப்பும் நீரும் கொட்டும். ஆனால் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக உள்ளே நுழையும் வேறொரு வாசல் பழுதாகாமல் இருக்கும். சர்க்கரை சேர்ப்பது அந்த வாசலுக்காக, தெம்புக்காக அல்ல. வாந்தியால் குடிக்க முடியாமல் போனாலோ, மணிக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் என்று போனாலோ ஊசிவழிதான். அங்கேயும் வெறும் சலைன் போதாது. பெரியவர்களின் காலராப் பேதியில் பொட்டாசியமும் பைகார்பனேட்டும் கணிசமாகப் போகும். சலைனில் இரண்டுமே இல்லை. ரத்த அழுத்தம் ஏறும், அமிலமும் சோர்வும் அப்படியே நிற்கும். இரண்டு குறையையும் ஈடுகட்டும் ரிங்கர் லாக்டேட் கரைசலை ஏற்றிக்கொண்டே வாய்வழியும் கொடுப்பார்கள்.

ஆன்டிபயாட்டிக்கைப் பொதுவாக நான்காம் நாள் தொடங்குவார்கள். ஒருவருக்குப் பேதி கடுமை என்ற கோட்டைத் தாண்டினால் அதற்கு முன்பே. முதல் நாளே கொடுத்தால் ஆய்வு செத்துவிடும், கடைசிவரை கொடுக்காவிட்டால் ஆள் தேவையில்லாமல் வதைபடுவார். மலத்தைத் தினமும் டிசிபிஎஸ் என்னும் பச்சை அகாரில் தேய்த்துவைத்தால் காலராக் கிருமி மஞ்சள் பொட்டுகளாக முளைக்கும். மருந்து முடிந்து, அடுத்தடுத்த தட்டுகளில் மஞ்சள் முளைக்காமல் இருந்தால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

இவ்வளவு பாடுபட்டு என்ன தெரிந்தது? எலியும் முயலும் சொல்லாத பல விஷயங்கள். கிருமியே இல்லாமல், சுத்திகரித்த நஞ்சை மட்டும் சோடாவோடு கொடுத்தபோது 5 மைக்ரோகிராமுக்கு ஒன்றிலிருந்து ஆறு லிட்டர் பேதி. 25 மைக்ரோகிராமுக்கு இருபது லிட்டருக்கு மேல். ஒரு கிராமை நாற்பதாயிரம் பங்காகப் பிரித்து அதில் ஒரு பங்கு! நோய் முழுக்க நஞ்சின் வேலை என்றால் நஞ்சு மரபணுவை வெட்டியெறிந்த கிருமியே நல்ல தடுப்பு மருந்தாக வேண்டும் அல்லவா? 80-களில் அப்படி ஒன்றைச் செய்தார்கள், ஜேபிகே70 என்று. குடித்தவர்களில் பாதிக்கும் மேல் வயிற்று வலி, லேசான பேதி என்று சொன்னார்கள். நஞ்சுக்கு வெளியேயும் கிருமி ஏதோ தொந்தரவு செய்கிறது என்பது ஆளிடம் கொடுத்தபிறகுதான் தெரிந்தது. 1988-ல் இன்னொன்று: குடற்சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் இழையைச் செய்ய முடியாத கிருமியைக் கொடுத்தார்கள். நஞ்சு கையில் இருந்தும் அதனால் குடலில் கால் ஊன்ற முடியவில்லை, நோயும் வரவில்லை. ஒருமுறை காலரா வந்தவர்களை மூன்று ஆண்டு கழித்து அழைத்து மறுபடியும் கொடுத்துப் பார்த்ததில், பழைய நோய் அவர்களைக் காத்தது. அன்று நடைமுறையில் இருந்த ஊசித் தடுப்பு மருந்து தந்த பாதுகாப்பு சில மாதங்கள்தான். வாய்வழி மருந்தின் பக்கம் ஆட்கள் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படி வந்ததுதான் சிவிடி 103-எச்ஜிஆர். நஞ்சின் வேலைசெய்யும் பாதியை மட்டும் நீக்கிவிட்டு, குடலில் ஒட்டும் பாதியை விட்டுவைத்த உயிருள்ள கிருமி. இதன் புது வடிவத்தை அமெரிக்காவில் சோதித்தபோது மருந்து பெற்ற 68 பேரும் போலி மருந்து பெற்ற 66 பேரும் என்16961-ஐக் குடித்தார்கள். போலி மருந்துக்காரர்களில் 39 பேருக்கு மூன்று லிட்டரைத் தாண்டியது. மருந்து சாப்பிட்டுப் பத்து நாளில் குடித்த 35 பேரில் இருவருக்கு மட்டும். மூன்று மாதம் கழித்துக் குடித்த 33 பேரில் நால்வருக்கு. 90 சதவீதமும் 80 சதவீதத்தை ஒட்டியும் பாதுகாப்பு. இந்த 134 பேரின் கணக்கை முதன்மையாக வைத்துத்தான் அமெரிக்க உணவு மருந்துத் துறை 2016 ஜூனில், காலரா உள்ள இடங்களுக்குப் போகும் பயணிகளுக்காக, வாக்ஸ்கோரா என்ற பெயரில் அதற்கு அனுமதி கொடுத்தது.

ஆனால் இதே கிருமியின் பழைய வடிவத்தை 1990-களில் ஜகார்த்தாவில் 67,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட கள ஆய்வில் சோதித்தபோது, பாதுகாப்பு தருவதாகக் காட்ட முடியவில்லை. பால்டிமோர் வார்டில் இருப்பவர் காலராவையே பார்க்காதவர், வயிறு நிறைய சாப்பிட்டு வளர்ந்தவர். ஜகார்த்தாவில் வாழ்பவர் சின்ன வயதிலிருந்தே இந்தக் கிருமியோடு உரசி வந்தவர். ஒரே டோஸ் இருவர் குடலிலும் ஒரே மாதிரி வேரூன்றாது. ஆய்வுக் காலத்தில் அங்கே நோயும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. வார்டில் கிடைக்கும் எண் பயணிக்கு நன்றாகப் பொருந்தும். காலரா வீட்டு வாசலிலேயே இருப்பவருக்கு அதை அப்படியே எடுத்துக் கொடுக்கக் கூடாது. பயணிக்கு என்று மட்டும் அனுமதி கேட்டதை நான் நேர்மையாகவே பார்க்கிறேன்.

அந்த மருந்துப் பெட்டியைத் திறந்தால் இரண்டு பாக்கெட் இருக்கும். ஒன்றில் உயிருள்ள கிருமி, இன்னொன்றில் சோடா. 100 மில்லி சுத்தமான பாட்டில் தண்ணீரில் சோடா பாக்கெட்டை முதலில் கொட்ட வேண்டும், நுரை பொங்கும். அதற்குப் பிறகுதான் கிருமி பாக்கெட். கலக்கி, 15 நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள குளோரின் மருந்தைக் கொன்றுவிடும். பாக்கெட்டுகளின் வரிசை மாறிவிட்டால் அந்த டோஸைக் குடிக்காமல் கொட்டிவிட வேண்டும்.